தவழ்ந்து வந்தவர்

"முதல்ல அந்தக் கண்றாவியைக் கழட்டச் சொல்லுடா" என்று அக்கா தம்பியிடம் சீறினாள்.

அவள் இடுப்பில் ஐந்து வயது மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். எதிரே, முகத்தை முழுக்க மூடிய முகமூடியும் கனத்த கோட்டுமாக, முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு ஒரு தீயணைப்பு வீரர் தரையில் முட்டி போட்டிருந்தார். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகமூடிக்குள்ளிருந்து கர்ர், கர்ர் என்று சத்தம் வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் வழியில், கிராமத்துச் சாலையோரம் இந்தத் தீயணைப்பு நிலையத்தைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னதே குழந்தைதான்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே போனது. அந்த மனிதர் அவளைத் தூக்கித் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். தன் தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். அது மூக்குவரை இறங்கியது. சுவரோரம் பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. காலை நுழைத்து மேலே இழுத்தால் போதும் என்பதற்காக, காற்சட்டையை அவற்றின்மேலேயே சுருட்டி விட்டிருந்தார்கள். ஆட்கள் காலை மட்டும் கழற்றி வைத்துவிட்டு எங்கோ போய்விட்ட மாதிரி இருக்கிறது என்று தம்பி சொல்ல, அக்காகூடச் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு குழந்தையை நோக்கித் தவழ்ந்து வந்தார்.

இப்போது அதைக் கழற்றினார். தன் முகத்தைக் குழந்தைக்குக் காட்டிப் புன்னகைத்தார். சரி, விட்டது தொல்லை என்று அக்கா நினைப்பதற்குள் மறுபடி மாட்டிக்கொண்டு தவழ்ந்தார். மறுபடி அழுகை.

இனி ராத்திரி யார் தூங்குவது? கடை வாசலில் கரடி வேஷம் போட்டவரைப் பார்த்ததற்கே இவள் ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. அக்கா விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

அவர் முகமூடியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்து, தம்பியிடம் ஏதோ கெஞ்சினார்.

"என்னவாம்?"

"இன்னும் ஒரே ஒரு தடவை மாட்டிக் காட்டட்டுமான்னு கேக்கறாருக்கா."

"அழற புள்ளையை இன்னும் அழவெச்சுப் பாக்கறதுல அப்படி என்ன ஆசையாம்? சின்னப் புள்ளைங்களை மிரட்டத்தான் சம்பளம் குடுக்கறாங்களான்னு கேளு."

தம்பி தயங்கித் தயங்கி ஏதோ கேட்டான்.

"நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"பாதி சொன்னேன். நாளைக்கு என் வீடு பத்திக்கிட்டா இவர்தானே வரணும்?"

அந்த மனிதர் முகமூடியின் கண்ணாடியைக் கட்டை விரலால் துடைத்தார். பிறகு தணிந்த குரலில் பேசினார். பேசி முடித்ததும் தம்பி குழந்தையைப் பார்த்தான்.

"சொல்லேன்டா."

"இங்க வர்ற எல்லாப் புள்ளைங்களுக்கும் இப்படித்தான் காட்டுவாராம். போன வருஷம் ஒரு வீட்ல தீ. உள்ளே ஒரே புகை. இதை மாட்டிக்கிட்டு இப்படியேதான் தவழ்ந்து போயிருக்காரு. ஒரு சின்னப் பையன், பாவம், கதவுக்குப் பக்கத்துலயே நின்னுருக்கான். இவரைப் பார்த்ததும்... பேய்னு பயந்து, உள் ரூமுக்கு ஓடிக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டானாம். இவர் தேடி எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சாம்."

அக்கா குழந்தையின் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்தினாள். தானும் அவள் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டாள்.

"மாட்டச் சொல்லுடா" என்றாள்.