தேயாத டயர்

"நாலு டயரையும் நல்லாப் பாருங்க தம்பி. தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடுற வண்டி" என்றாள் மேனேஜரின் மனைவி.

"மேனேஜர் சார் வண்டியாச்சே, விட்டுடுவேனா?" டயர்க் கடைக்காரர் குந்தி உட்கார்ந்து வால்வு மூடியைத் திருகிக் கழற்றினார்.

மேனேஜர் விடுமுறை நாளிலும் இஸ்திரி கலையாத சட்டையோடு, வேறு யாருடைய வண்டியையோ வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றார். டயருக்கு ஒன்றுமில்லை என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தார். "இருக்கோ இல்லையோ, ஒரு தரம் காட்டிட்டு வந்துடலாம்" என்று அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நாலுலயும் காத்து இறங்கிக் கெடக்கே சார். பார்க்கறதே இல்லையா?"

"நேரம் எங்க இருக்கு?"

அவரிடம் இப்போது நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த டயர்களை மாட்டிய மறு மாதமே அவருடைய நாற்காலி பறிபோயிற்று. வீட்டில் சொல்லவில்லை. தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாட்டுப் பையோடு கிளம்புவார். விளையாட்டு மைதானத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் கீழே வண்டியை நிறுத்துவார். அவர் கேட்காமலே மனைவி வாங்கிப் போட்டிருந்த வெள்ளி நிற வெயில் மறைப்பை முன் கண்ணாடியில் விரிப்பார். சாயங்காலம் வரை சீட்டில் சாய்ந்து கிடப்பார்.

முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் தோன்றியது. பிறகு அதுவும் தோன்றாமல் போயிற்று.

கடைக்காரர் டயரின் மேல் கட்டம் கட்டமாகப் புடைத்திருந்த பட்டன்களுக்கு நடுவே அளவுகோலை விட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த டயரு போன வருஷம் நான்தானே சார் மாட்டினேன்?"

"ஆமா."

"தினமும் எண்பது கிலோமீட்டர் ஓடியிருந்தா இந்நேரம் பாதியாவது தேஞ்சிருக்கணுமே? பட்டன் மாட்டின மாதிரியே இருக்கு! எல்லாரும் இப்படி வண்டி ஓட்டினா நான் கடையில உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

மேனேஜர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைப்போல உள்ளே ஏதோ கனமாகக் கிடந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்றுகூட அவரால் நினைக்க முடியவில்லை.

அவள் முன் கண்ணாடியில் காய்ந்திருந்த ஊதாக் கறையைக் கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அலுங்காம ஓட்டுவாரு தம்பி. கல்யாணமான புதுசுல என்னைப் பைக்குல கூட்டிட்டுப் போனாரு. நடந்து போறவன் எங்களை முந்திக்கிட்டுப் போனான்."

கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "அதுக்கு இல்லக்கா. ஓடுற வண்டிய விட நிக்கிற வண்டியைத்தான் அடிக்கடி பார்த்துக்கணும். காத்து இறங்கறது வெளிய தெரியாது. ஒரே இடத்துல அமுங்கி அமுங்கி டயரு வெடிப்பு விட்டுடும்."

"அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

காற்று ஏறியது. வண்டி ஒரு விரற்கடை நிமிர்ந்தது. தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதிகூட மேனேஜருக்கு எழவில்லை.

மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் சாப்பாட்டுப் பையோடு வண்டியில் ஏறினார். மனைவி வாசல் வரை வந்தாள்.

"மீட்டிங் இருக்கு. வர லேட்டாகும்" என்றார்.

"சரிங்க."

பின் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த வெயில் மறைப்பை எடுத்துத் தூசி தட்டினாள். ஒழுங்காக மடித்து அவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்தாள். பிறகு முன்னால் போய், கண்ணாடியில் மிச்சமிருந்த ஊதாக் கறையை நகத்தால் சுரண்டினாள். அது போகவில்லை.

அவர் சாவியைத் திருகினார். அவள் ஜன்னலருகே குனிந்தாள்.

"இன்னைக்காவது பழம் கொட்டாத மரமாப் பார்த்து நிறுத்துங்க."