இடப்பக்கக் கைப்பிடி

இரண்டு படகுகளும் இழுவை வண்டிகளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே வெள்ளை, ஒரே கூர்மூக்கு. ஒன்றின் விலாவில் சிவப்புக் கோடு, மற்றதில் நீலக் கோடு.

"சிவப்பு முந்தின வருஷம். நீலம் அடுத்த வருஷம். சிவப்புன்னா விலை கொஞ்சம் இறங்கி வரும்," என்றார் விற்பவர்.

மைத்துனன் சிவப்பின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"சும்மா குடுத்தாலும் அது வேணாம். ஏன்னு எங்க அத்தானுக்குத் தெரியும்."

அத்தான் தலையாட்டினான். கண்ணைத் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையை விட்டு எடுக்கவில்லை.

எஞ்சினைப் பார்த்துச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான். தம்பி படகு வாங்கப் போகிறான் என்றதும் அவன் மனைவியும் கிளம்பிவிட்டாள். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் அவன்தான் அவளுக்குச் சடை பின்னிவிடுகிறான். முதலில் கோணல்மாணலாக வந்தது. இப்போது கை பழகிவிட்டது.

அவர்களிடம் இருந்ததும் சிவப்புக் கோட்டுப் படகுதான். அதே வருடம். முழு வேகத்தில் வளைந்தபோது இடப்பக்க இருக்கையின் கைப்பிடி கழன்று, அவள் தண்ணீரில் தூக்கி வீசப்பட்டாள். அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை. தோள் எலும்பு மூன்றாக உடைந்தது.

குடும்பம் முழுவதற்கும் தெரிந்த கதை இது.

விபத்து நடந்த நான்காம் நாள் மைத்துனன் அந்தப் படகைப் பார்க்கப் போனான். கைப்பிடி இருந்த இடத்தில் நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் படகைச் செய்தவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினான்.

இப்போது நீலக் கோட்டுப் படகில் ஏறி, இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"எங்க பாப்பாவ இங்கதான் உக்கார வைக்கணும். அதான் கேக்கறேன். இந்த வருஷத்துல இதை மாத்திட்டாங்கல்ல?"

"எதை?"

"இந்தக் கைப்பிடியத்தான். முந்தின வருஷத்துல கழண்டு வருமே."

விற்பவர் அவனைப் புரியாமல் பார்த்தார்.

"யாரு சொன்னது? சீட்டுத் துணிய மாத்துனாங்க. மீட்டர் முள்ளா இருந்துச்சு, நம்பரா மாத்துனாங்க. கோட்டோட கலரு. மத்தபடி ரெண்டும் ஒரே அச்சுல வார்த்ததுதான் சார்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். அவர் தொழிலில் ரோஷக்காரர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்புக் கோட்டுப் படகில் ஏறினார். இடப்பக்கக் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றினார். ஒரு காலைப் படகின் விலாவில் ஊன்றி, தொந்தியும் உடம்புமாக மொத்தப் பாரத்தையும் பின்னால் சாய்த்தார்.

படகு இழுவை வண்டியோடு முனகியது. கைப்பிடி அசையவில்லை.

"பாத்தீங்களா? நான் வித்த எதுலயும் இது கழண்டதில்ல. ஆனையவே கட்டிப் போடலாம்."

மைத்துனன் அந்தக் கைப்பிடியைப் பார்த்தான். பிறகு அத்தானைப் பார்த்தான். கோபமாக இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல.

"அத்தான்?"

இப்போது சொல்லிவிடலாம் என்று அத்தானுக்குத் தோன்றியது. வாயையும் திறந்தான்.

"அவரை ஏன்டா கேக்கற? புடிச்சிருந்தது நானு," என்றாள் மனைவி, வாசலிலிருந்து. "கழண்டு என் கையோட வந்துச்சு. தண்ணிக்குள்ள போற வரைக்கும் விடல."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

விற்பவர் இறங்கிச் செருப்பைத் தேடினார். "ஒண்ணு ரெண்டு அப்படி அமைஞ்சிருக்கும்மா. யாரு கண்டா."

"அப்ப நீலந்தான்," என்றான் மைத்துனன். முகம் தெளிந்துவிட்டது.

"வளைக்கறப்ப வேகத்தைக் குறைச்சுக்க." அத்தானுக்கு அவ்வளவுதான் வந்தது.

"நீங்க ஒருத்தர்! கைப்பிடிதான் கல்லு மாதிரி இருக்கே, அப்புறம் என்ன பயம்?"

மைத்துனன் சிரித்துக்கொண்டே விற்பவரோடு அலுவலக அறைக்குள் போனான்.

கொட்டகையில் அவர்கள் இருவர் மட்டும்.

"ஏங்க, சடை அவிழுது. கட்டி விடுங்க," என்று சொல்லி அவள் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

அவன் பின்னால் போய் நின்றான். முடியை மூன்றாகப் பிரித்தான்.

அன்றைக்கு அவள் கைப்பிடியைப் பிடித்திருக்கவே இல்லை. இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் இருந்தன. காற்றில் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் இருங்க என்றாள். அதைக் கேட்டுவிட்டுத்தான், அவள் அலறுவதை ரசிக்கலாம் என்று, முழு வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

கைப்பிடி கழன்றது மூன்றாம் நாள், அவன் கையால். நான்கு திருகாணிகள்.

ஒவ்வொன்றும் அவ்வளவு இறுக்கம்.