முப்பத்தேழு தடவை நின்ற கார்

"முப்பத்தேழு தடவை நின்னிருக்கு, மாமி! இதை நம்பி நான் எப்படி வாங்கறது?"

சுப்ரமணியன் டைரியைப் பட்டென்று மூடினார்.

மாதுங்காவில் விஜயலக்ஷ்மி மாமியின் வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. வெளிர் நீலம், உள்ளே தோல் சீட், பின்பக்கம் மீன் வால் மாதிரி இரண்டு இறக்கை. இது நடந்தது பம்பாயில் ட்ராம் நின்றுபோன மறு வருஷம். அப்போதெல்லாம் இப்படி ஒரு கார் தெருவில் திரும்பினால் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கி, சலாமும் போடுவார்கள். இன்று ஹாரன் அடித்தால்கூட யார் நகர்கிறார்கள்?

"எல்லாம் அவர் கைப்பட எழுதினது. மறைக்கப்படாதுன்னுதான் உங்க கையில குடுத்தேன்" என்றாள் மாமி.

மாமியின் கணவர் ஒரு மில் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்தவர். காலமாகி ஆறு மாதம் ஆகிறது. மாமி மெட்ராஸில் மகனோடு போய் இருக்கப் போகிறாள். அதனால்தான் காரை விற்கிறாள்.

டயருக்குக் காற்றடித்ததைக்கூட டைரியில் எழுதி வைக்கிற மனிதர் அவர். காருக்கென்றே வைத்திருந்த அந்த ஒன்பது வருஷ டைரியில் அங்கங்கே ஒரே வரி: 'வண்டி நின்றது. தாராவி. ஹனீப் இரண்டு மணி நேரம் தாமதம்.'

"ஆடம்பரத்துக்கு வாங்க வரலை மாமி. பொண்ணு செம்பூர்ல நம்மாத்துக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கா. போன வருஷம் கொட்டற மழைல டாக்ஸி நடுரோட்டில நின்னுபோய், முதல் குழந்தை தங்கலை. இந்தத் தடவையாவது நம்பிக்கையான வண்டியா..."

சுப்ரமணியனுக்குக் குரல் கம்மியது. அதை மறைக்கக் கொஞ்சம் கோபப்பட்டார்.

"இத்தனை தடவை நின்னும், ஒரு தடவைகூட ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினதா எழுதலையே! மாமா ரொம்பக் கையிறுக்கமோ?"

மாமியின் முகம் மாறியது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் முகம்மது ஹனீப் தலையைக் குனிந்துகொண்டார்.

சுப்ரமணியன் கூட்டி வந்திருந்த தாராவி மெக்கானிக் வெயிலுமுத்து முன்னமே காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தான்; இப்போது பானெட்டையும் திறந்து பார்த்து முடித்தான்.

"என்ஜின் மணி மாதிரி இருக்கு ஸார். ஒரு நட்டக்கூடக் கழட்டுன தடம் இல்ல. இது வழியில நிக்கித வண்டியே இல்ல."

"அப்போ டைரி பொய் சொல்றதா?"

வெயிலுமுத்து டிக்கியைத் திறந்தான். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஷீட் மடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிப்பார்களே, அந்த மாதிரி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹனீபைப் பார்த்தான்.

"பாய், நீங்க சொல்லுதியளா, நா சொல்லட்டுமா?"

ஹனீப் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, என்னைய மன்னிக்கணும். வண்டி ஒருநாளும் நிக்கலம்மா. நாந்தான் நிப்பாட்டுனேன்."

"நீங்களே நிறுத்தினேளா?" என்றார் சுப்ரமணியன்.

"மத்தியானம் சாப்பிட தாராவிக்கு வண்டியிலதான போவேன்? அங்க யாருக்காச்சும் பிரசவ வலி வந்துரும். அந்தச் சந்துக்கு டாக்ஸிக்காரன் எவனும் வரமாட்டான். நாந்தான் பின் சீட்டுல படுக்க வச்சு சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன். ஐயாவக் கூப்பிடப் போக நேரமாயிரும். 'வண்டி பந்த் ஆயிருச்சு ஸாப், வழியில நின்னுருச்சு'ன்னு சொல்லிருவேன்."

"எம் பொண்டாட்டியையும் இதுலதான் கொண்டு போனாரு" என்றான் வெயிலுமுத்து. "டைரியில எத்தன தடவன்னு சொன்னிய ஸார்? முப்பத்தேழா? அத்தனையும் புள்ளைக. முட்டளவு தண்ணியிலகூட ஒரு தடவையும் நேரங்கழிச்சுப் போய்ச் சேரல."

சுப்ரமணியன் மறுபடி டைரியைப் பிரித்தார். ஜூன். ஜூலை. ஜூலை. ஆகஸ்ட். பாதிக்கு மேல் மழை மாதங்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இப்போது அவர் கோபப்படவில்லை.

"மாமி, வண்டி எனக்குத்தான். ஹனீப் பாய், நீங்களும் கூட வந்துடணும்."

ஹனீபுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

"ஒம்போது வருசம் சோறு போட்ட மனுசருட்ட பொய் சொல்லியிருக்கேன், ஸாப். இன்னைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். அவருக்குத் தெரியாமலே போயிருச்சு."

மாமி வெயிலுமுத்துவின் கையிலிருந்து ரப்பர் ஷீட்டை வாங்கிக்கொண்டாள்.

"இது உனக்கு எங்கேருந்து கிடைச்சது, ஹனீப்?"

"மொத வருசமே டிக்கியில கிடந்துச்சும்மா. மழைக்கு வாங்கிப் போட்டதா இருக்கும்னு நெனச்சேன்."

மாமி அதை மெல்லத் தடவிக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"சீட்டுல கறையைப் பார்த்த அன்னிக்கே விசாரிச்சுத் தெரிஞ்சுண்டுட்டார். தானே கடைக்குப் போய் இதை வாங்கிண்டு வந்து டிக்கில வெச்சார். 'எனக்குத் தெரியும்னு ஹனீப்கிட்ட மூச்சு விட்டுடாதே. கூச்சப்பட்டு நிறுத்திடுவான்'னார். அப்புறம் உள்ளே போய் டைரியை எடுத்து எழுதினார், 'வண்டி நின்றது'ன்னு."