சங்கத் தலைவியின் அனுமதி

அந்தச் சாய்வு நாற்காலியை மட்டும் விற்க டாரலுக்கு மனம் வரவில்லை. புல்தரை நடுவில் அதில் சாய்ந்து, இரண்டு கால்களையும் தூக்கிப் போட்டுக்கொண்டு, விலை கேட்டவர்களிடமெல்லாம் அது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"எந்திரி. இங்க இருக்கிறதுலயே நல்ல விலை போற சாமான் அதுதான்," என்றாள் ரோண்டா.

"இதை டெக்சாஸுக்குக் கொண்டுபோயிடலாம்."

"உன்னைக் கொண்டுபோறதே பெரிய சுமை. எந்திரி."

எழுந்தான். ரோண்டா நாற்காலியின் முதுகில் எண்பது டாலர் என்று ஸ்டிக்கர் ஒட்டினாள்.

வீட்டுச் சாமான்களை வாசல் புல்தரையில் பரப்பி விற்கும் யார்ட் சேல் அவளுக்குக் கைவந்த கலை. தூண்டிலும் துளைபோடும் மெஷினும் சாலையோரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் காரை விட்டு இறங்க மாட்டார்கள். பொம்மைகள் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பிள்ளைகள் அங்கே ஓடினால் அம்மாக்களும் பின்னால் வந்தாக வேண்டும், வருகிற வழியில் பீங்கான் தட்டுகள். எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும். மினசோட்டாக்காரர்கள் விலை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

மதியத்துக்குள் விற்று முடித்தாக வேண்டும். டெக்சாஸில் பார்த்து வைத்திருந்த சின்ன வீட்டுக்கு இன்று முன்பணம் அனுப்பாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். நடுவில் யாராவது வந்து கடையை மூடச் சொன்னால் அவ்வளவுதான்.

ஒரு முதியவர் பனிச்சறுக்கு பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அளவு என்ன என்றார். ரோண்டா அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்து, பதின்மூன்று என்றாள். முதியவரின் பார்வை டாரலின் சின்னப் பாதங்களுக்குப் போனது.

"கால் வளரும்னு நம்பி வாங்கிட்டாரு," என்றாள் ரோண்டா.

அவர் சிரித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, சங்கத்தில் அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று விசாரித்தார். குடியிருப்போர் சங்கத் தலைவி மிஸஸ் ஹால்வர்சனுக்கு எதிர்வீடு. குப்பைத் தொட்டியை ஒரு நாள் கூடுதலாக வெளியே விட்டதற்காகத் தன் கூடப்பிறந்த தம்பிக்கே அபராதம் போட்டவராம்.

ரோண்டா நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில், ஊதா நிற ஸ்வெட்டரில், கையில் காபிக் கோப்பையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

கிளம்பிவிடலாமா என்று டாரல் முணுமுணுத்தான்.

"பாதி சாமான் அப்படியே கிடக்கு. பல்லைக் காட்டிக்கிட்டு நில்லு."

மிஸஸ் ஹால்வர்சன் சாலையைக் கடந்து வந்தார். வண்டியே இல்லாத தெருவிலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தார். மேஜை மேஜையாகப் போனார். ஒரு சூப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து, இருந்த இடத்திலேயே பிசகாமல் வைத்தார். தெருமுனையில் நட்ட அறிவிப்புப் பலகையைச் சாயங்காலத்துக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்றார். ரோண்டா சரி என்றாள்.

"அனுமதி வாங்கினீங்களா?"

"கேக்கணும்னு தெரியலைங்கம்மா."

மிஸஸ் ஹால்வர்சன் ம் என்று மட்டும் சொன்னார். எதையும் வாங்காமல் திரும்பிப் போனார். வாசலில் நின்று, இந்தப் பக்கமே பார்த்தபடி யாருக்கோ போன் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ் கார் மெதுவாகத் தெருவுக்குள் திரும்பியது. டாரல் மறுபடியும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். இந்த முறை ஆசைப்பட்டு இல்லை, போலீஸ் கண்ணில் படாமல் பதுங்குவதற்காக.

அதிகாரி இறங்கி, இடுப்புப் பட்டையில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றார். டாரலையே உற்றுப் பார்த்தார்.

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

டாரல் எழுந்து, கேட்காமலேயே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். அதிகாரி அதைக் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிப் பார்த்தார்.

"அறுபதுக்குக் குடுப்பீங்களா? நல்ல சாமானெல்லாம் போயிடும், சீக்கிரம் வான்னு மிஸஸ் ஹால்வர்சன் போன் பண்ணாங்க."

அன்றைக்கு முதல் தடவையாக ரோண்டா பேரம் பேசவில்லை. அதிகாரி தன் மச்சானின் பிக்கப் வண்டியை வரவழைத்தார். நாற்காலியைத் தூக்கி ஏற்ற டாரலும் ஒரு கை கொடுத்தான். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் நிற்கவில்லை. மிஸஸ் ஹால்வர்சனின் சர்ச் தோழிகள், தபால்காரர், அபராதம் கட்டிய தம்பி என்று வரிசையாக வந்தார்கள். உச்சிவெயில் ஏறுவதற்குள் புல்தரை காலி. ரோண்டா காலி மேஜைகளை மடக்கினாள். முன்பணத்துக்கு மேலேயே சேர்ந்திருந்தது.

அப்போது மிஸஸ் ஹால்வர்சன் ஒரு தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகளோடு வந்தார். ரோண்டா அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவரோ திருப்தியில்லாத முகத்தோடு புல்தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பேஸ்மெண்ட்ல ஒரு டிரம் செட் இருக்குமே. ராத்திரியெல்லாம் அது போடுற சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்லை. அதை ஏன் விக்கலை?"

தட்டை வாங்கப் போன ரோண்டாவின் கை நின்றது. அது ரொம்பக் கனம், தாங்கள் உடனே கிளம்பியாக வேண்டும் என்று ஏதோ சொன்னாள்.

மிஸஸ் ஹால்வர்சன் கேக் தட்டை அவள் கையில் திணித்தார்.

"அவசரமே இல்லம்மா, மெதுவா மேல தூக்கிட்டு வாங்க. வீட்டுக்காரங்க நாளைக்கு ராத்திரிதான் ஊர்லேர்ந்து வர்றாங்க."