நெற்றி மட்டும் தெரிந்தது

வேலுவின் நெற்றித் திருநீற்றில் இரத்தம் கலந்து மூக்கு வழியாக இறங்கியது. செடெனாக் எஸ்டேட்டின் ரப்பர்ப் பால் கொட்டகைத் தூணில் அவனைக் கட்டிப்போட்டு, கிரகோரி இரண்டாவது பிரம்பையும் முறித்திருந்தார்.

கிரகோரி சிங்கப்பூர்த் துப்பறியும் இன்ஸ்பெக்டர். இது ஜொகூர், இங்கே தனக்கு அதிகாரமில்லை என்பதெல்லாம் அவருக்கு உறைக்காது. அடியாத மாடு படியாது, அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

அபின் கூட்டத்துக்குத் துப்புக் கொடுக்கும் போலீஸ்காரன் யார் என்று அவரிடம் சொல்வதாக இருந்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் மணியம். இன்று, புதன்கிழமை மத்தியானம், யாரோ அவன் கழுத்தை அறுத்துவிட்டார்கள். நம்பியவனைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கிரகோரிக்கு வயிறு எரிந்தது.

பார்த்தவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். "மூஞ்சியத் துணியால மூடியிருந்தான் ஐயா. நெத்தி மட்டும்தான் தெரிஞ்சிச்சு. திருநீறு பூசியிருந்தான்."

அதற்குமேல் கிரகோரி எதையும் கேட்கவில்லை. எஸ்டேட் கோயில் பூசாரி வேலு, நேற்றுத்தான் கள்ளுக்கடையில் மணியத்தோடு கட்டிப் புரண்டவன். அது போதாதா?

"சண்டை போட்டது நெசம் சாமி. நான் கொல்லல."

பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தத்தில் பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

கங்காணி வீட்டிலிருந்து சோறும் கோழிக்கறியும் வந்தன. கிரகோரி இரத்தக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். "நீயும் சாப்பிடு லா, சந்தனசாமி."

"இன்னிக்கு ஒருசந்தி சார். விடியக்காலம் பூசை பாத்துட்டுத்தான் ரயிலேறினேன்."

மணியத்துக்குக் காவலாக முன்னதாகவே வந்திருந்த போலீஸ் உதவியாளர் அவர். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். "இவன எதுக்கு சார் கோர்ட்டுக்கு இழுத்துக்கிட்டு? ஓடப் பாத்தான்னு சுட்டுடலாம்."

கோயில் வாசலை மிதித்தே பல வருடமான கிரகோரி சிரித்தார். பிறகு வேலுவின் கட்டை அவிழ்த்து, ரிவால்வரை உருவினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஓடுடா."

வேலு ஓடவில்லை. எப்படியும் சாவுதான் என்று தெரிந்தவன், மிச்ச உயிரைத் திரட்டிச் சந்தனசாமியின் மேல் பாய்ந்தான். இருவரும் மண்ணில் உருண்டார்கள். தொப்பி தெறித்து விழுந்தது. தவக்காலம் தொடங்கும் நாளென்று காலைப் பூசையில் பாதிரியார் இட்டுவிட்ட சாம்பல், சந்தனசாமியின் நெற்றியில் வேர்வையோடு ஒட்டிக்கிடந்தது.

கிரகோரி வேலுவின் தலைக்குக் குறிவைத்தார். பேச்சியம்மாள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஐயா, நான் பாத்த திருநீறு அந்த ஐயா நெத்தியில இருக்கு."