கன்டினியூட்டி மாலை

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிவந்த தேரிமணலில் ஓடினாள் செல்வராணி.

மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு ‘அலைவாசல்’ சீரியல் எடுக்கும் வீட்டின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் மறுபடி ஜனங்களை உள்ளே விடுவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் எல்லாம் கைமீறிவிடும்.

முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் தாண்டி வரும்வரை பைக்கில் சும்மாவா இருந்தாள்? முறுக்கு, இன்னும் முறுக்கு என்று புருஷன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். பைக் மணலில் புதைந்ததும் அவனை அதோடு விட்டுவிட்டுக் குதித்து ஓடிவந்தாள்.

வீட்டுக்குள் திருவிழாக் கூட்டம். சாத்தூர் வேன், நாகர்கோவில் வேன். கதாநாயகி ஆடிய ஊஞ்சலில் உட்கார அடிதடி. அவள் குதிக்கப்போன கிணற்றை எட்டிப் பார்த்த ஒருத்தி, இத்தனூண்டுதானா என்று உதட்டைப் பிதுக்கினாள்.

செல்வராணி எதையும் பார்க்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு நேரே ஹாலுக்குப் போனாள்.

சுவரில் அந்தப் போட்டோ.

கதாநாயகியின் அண்ணன். கடலுக்குப் போனவன் திரும்பவே இல்லை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு, சட்டத்தைச் சுற்றிச் சந்தன மாலை. தினம் எட்டரை மணிக்கு இதன் முன்னால் நின்றுதான் தங்கச்சிக்காரி அழுவாள். தமிழ்நாடே சேர்ந்து அழும்.

செல்வராணிக்கு அந்த மாலைதான் வேண்டும். கையை நீட்டினாள்.

காவல்காரர் சிவனாண்டி பாய்ந்து வந்து மறித்தார்.

“யம்மா, தொட்டுராதிய. கன்டினியூட்டியாக்கும். நேத்து சீன்ல இருந்த மாதிரியே நாளைக்கும் இருக்கணும். மாலை ஒரு இஞ்சு நவுந்தா டைரக்டர் எனக்கு மாலை போட்டுருவாரு.”

போன வாரம் ஊஞ்சல் மணியையே ஒரு கூட்டம் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். சீரியல் பைத்தியங்களை அவருக்குத் தெரியாதா?

சாத்தூர்க்காரி ஒருத்தி போட்டோவைக் கும்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இது எந்த நடிகர் என்று கேட்டாள். நடிகராவது ஒன்றாவது, யாரோ உள்ளூர் ஆள், ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு நின்று கொடுத்தான் என்றார் சிவனாண்டி.

பிரியாணி என்றதும் செல்வராணி பல்லைக் கடித்தாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நொடியில் ஸ்டூலில் ஏறினாள். ஒரே இழுப்பு. மாலை நூல் அறுந்து கையோடு வந்தது. முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். போனது.

சிவனாண்டி விசில் ஊதினார். செத்தவன் மாலையைப் பறிக்கிறாளே பாவி என்று சாத்தூர்க்காரி மண்ணை வாரித் தூற்றாத குறை. நாலு பேர் செல்போனைத் தூக்கினார்கள்.

அப்போதுதான் முழங்கால்வரை செம்மண்ணோடு ஒரு ஆள் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

சாத்தூர்க்காரி அவன் முகத்தைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். மறுபடியும் அவன் இடது புருவத்தைப் பார்த்தாள்.

“ஏளா, எடுத்துட்டியா இல்லியா? விடிஞ்சா மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஏறணும்லா நான்.”