முன்பல் ஆராய்ச்சி

“பயப்படாம வாயைத் திறங்கம்மா. ஒரு பல்லையும் புடுங்க மாட்டேன்” என்றான் டாக்டர் அந்தோணிராஜ்.

அது சத்தியமான வார்த்தை. நல்லூரில் இருந்த அந்தச் சின்னப் பனியன் கம்பெனியின் வாசலில் ‘இலவசப் பல் மருத்துவ முகாம்’ என்று பேனர் கட்டியிருந்தாலும், அவன் பல்லைப் பிடுங்கவும் மாட்டான், அடைக்கவும் மாட்டான், ஒரு மாத்திரைகூடத் தரமாட்டான். டார்ச் அடித்துப் பார்ப்பான், குறித்துக்கொள்வான், அடுத்த ஆளைக் கூப்பிடுவான். முகாமில் இலவசமாகக் கிடைத்தது அந்த வெளிச்சம் மட்டும்தான்.

அந்தோணிராஜ் பல் மருத்துவத்தில் மேல்படிப்பு, எம்.டி.எஸ்., படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பட்டத்துக்கு வைத்தியம் தெரிந்தால் மட்டும் போதாது. ஓர் ஆராய்ச்சி செய்து, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் அடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் டெய்லர்களின் முன்பல் தேய்மானம் என்பது அவன் தலைப்பு. திருப்பூரில் கட்டிங் மாஸ்டரின் மகனாக வளர்ந்தவனுக்கு இதற்கு ஆள் கிடைப்பதா கஷ்டம்?

ஒரே ஓர் இடைஞ்சல். மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதற்கு முன்னால், கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டி கூடி, இதில் அநியாயம் எதுவும் இல்லை என்று பார்த்து அனுமதி தர வேண்டும்.

அதற்கும் அவனுடைய கைடு டாக்டர் சுப்புலட்சுமி வழி சொல்லியிருந்தார். “அந்தக் கமிட்டி கூடறதுக்குள்ள உனக்குக் கல்யாணமாகி, புள்ளை பொறந்து, அதுக்குப் பல்லும் முளைச்சிடும். பேசாம இப்பவே எல்லாரையும் பாத்து முடிச்சிடு. தேதியை மட்டும் காலியா விட்டு வை. அனுமதி வந்ததும் நல்ல நாளாப் பாத்துப் போட்டுக்கலாம்.”

கல்லூரியில் நெறிமுறைகள் பற்றிப் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

அவன் முன்னால் உட்கார்ந்திருந்த ரங்காத்தாள்தான் கம்பெனி முதலாளி. டெய்லராக இருந்து முதலாளி ஆனவர். ஆள் வராத நாட்களில் இன்னமும் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். காலையிலிருந்து பார்த்த யாரும் வாயைத் திறந்து காட்டினார்களே தவிரக் கேள்வி கேட்கவில்லை. இந்த அம்மாள் இரண்டையும் செய்தார்.

“இதைய எதுக்குங் கண்ணு பாக்கறீங்க?”

“ஆராய்ச்சிம்மா.”

“முடிஞ்சா என்ற பல்லு செரியாப் போயிருமுங்களா?”

“எனக்குப் பட்டம் கிடைக்கும்மா.”

“அதுஞ் செரிதானுங்க.”

அவன் ஒப்புதல் படிவத்தை நீட்டினான். இதுவரை எல்லோரும் வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடியிருந்தார்கள். ரங்காத்தாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

“தேதி எழுதலீங்களே?”

“அதை நாங்க போட்டுக்கறோம்மா.”

“மனுசங்களப் புடிச்சு இப்பிடிப் பாக்கறதுன்னா மேல கேட்டுட்டுத்தான் செய்யோணுமாமே?”

அந்தோணிராஜுக்குப் பொறுமை போய்விட்டது. “அதெல்லாம் கேட்டாச்சும்மா. பெரிய பெரிய டாக்டருங்க ஓகே சொல்லிட்டாங்க. நீங்க போடுங்க.”

“அப்பச் செரீங்க” என்று கையெழுத்திட்டுவிட்டு எழுந்தார் ரங்காத்தாள். “வர்ற வெசாலக்கெழமை உங்க காலேசுக்குத்தானுங்க வர்றேன். அங்க ஒரு சோலி இருக்குது.”

“வாங்க வாங்க. காலைலயே வந்து ஓ.பி. சீட்டு வாங்கிடுங்க. இல்லேன்னா வரிசைல நிக்கணும்” என்றான் அவன் பெருந்தன்மையோடு.

அடுத்த வாரம் அந்த அதிசயம் நடந்தது. கமிட்டி கூடியது. கல்லூரியைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்ததும், நிர்வாகத்துக்கு நெறிமுறையின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. காலியாகக் கிடந்த உறுப்பினர் இடங்களையெல்லாம் அவசரம் அவசரமாக நிரப்பியிருந்தார்கள்.

அன்று அனுமதி கிடைக்காவிட்டால் அந்தோணிராஜுக்கு ஒரு வருடம் போய்விடும். இரவல் வாங்கிய டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். புரொஜெக்டருக்காக விளக்கை அணைத்திருந்தார்கள். இருட்டில் சிலர் முறுக்குக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்லைடுகளைக் காட்டி முடித்தான். கடைசியாக ரோஜாப்பூவோடு ‘நன்றி’ வந்து நின்றது.

“யாரையாவது இதுவரை பரிசோதிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் தலைவர்.

“இல்லை சார். உங்க அனுமதி இல்லாம ஒரே ஒருத்தரைத் தொட்டாலும் அது நெறிமுறைக்கு விரோதம் சார். இனிமேல்தான் ஆரம்பிக்கணும்.”

பக்கத்தில் நின்ற கைடின் முகத்தில் பெருமிதம். தலைவர் நெகிழ்ந்துபோய்ப் பேனா மூடியைத் திருகினார்.

“ரொம்ப நல்லது. விதிப்படி டாக்டர் அல்லாத ஒருத்தர், பொதுமக்கள் சார்புல, கமிட்டியில இருக்கணும். இன்னிக்குத்தான் புதுசாச் சேர்ந்திருக்காங்க. அம்மா, நீங்க ஏதாவது கேக்கணுமா?”

யாரோ விளக்கைப் போட்டார்கள். மேசையின் கடைசி நாற்காலியில் ரங்காத்தாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“இனிமேத்தான் ஆரம்பிக்கோணும்னா, போன வாரம் என்ற வாய்க்குள்ள கைய உட்டது ஆருங் கண்ணு?”